உறைப்புப் பாஸ்தாவும் நம் கடலுணவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாஸ்தா என்றாலே சீஸும் கோழியிறைச்சியும்தான் என்று பலர் எண்ணுவதால், நந்திக்கடல் இறாலும் முல்லைத்தீவுக் கணவாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வன்னியிலிருந்து இதை எழுதுகிறேன். இத்தாலியர் 'அராபியாத்தா', அதாவது 'கோபங்கொண்டது', என்றழைக்கும் குழம்பு உள்ளி, தக்காளி, செத்தல் மிளகாய், ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றால் ஆவதால், நமது நாக்குக்கு அது அந்நியமன்று. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீரும் 10 கிராம் உப்பும் போதும். அவித்த நீரில் ஒரு அகப்பை எடுத்துவைத்துக் குழம்பில் விட்டால், அதிலுள்ள மாப்பொருள் எண்ணெயையும் தக்காளியையும் இணைத்துவிடும். வளையமாக வெட்டிய கணவாயை இரண்டு நிமிடங்களுக்கு மேல் வதக்கலாகாது. வதக்கினால் றப்பர்தான் (என் முதற் சட்டியை வீட்டு நாய்கூட முகர்ந்துவிட்டு விலகிப்போனது). கடலுணவுப் பாஸ்தாவில் சீஸ் தூவுவதை இத்தாலியர் பொதுவாக விரும்புவதில்லை. ஆகவே அதைத் தேடிக் கிளிநொச்சிவரை அலைய வேண்டியதுமில்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
முள்ளியவளை.