முதலில் அடியில் படுத்துப் பார்

பழங்காநத்தம், மதுரை
தை 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நேற்று போனில் கார் விஷயம் பேச ஆரம்பித்ததுமே உங்கம்மா போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். "பனி பெய்யிற ஊர்ல கூரையில்லாத காரா, வேண்டாம்னு சொல்லுங்க" என்று அவள் சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. உன் சம்பாத்தியம், உன் ஆசை. ஆனால் அந்தக் காரை நான் வந்து பார்க்க முடியாது. அதனால் நான் பார்த்தால் எதையெல்லாம் பார்ப்பேனோ அதை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

மொத்தம் பதினோரு படம் அனுப்பியிருந்தாய். 2003 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5, வெள்ளி நிறம், 84,000 மைல் ஓட்டம், 2,800 பவுண்டு கேட்கிறார்கள். சீட் நன்றாக இருக்கிறது, ஸ்டீயரிங் தேயவில்லை, மடக்குகிற துணிக்கூரையில் கிழிசல் இல்லை. எல்லாம் சரி தாயி. வண்டிக்கு அடியில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா? நான் மூன்று தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

நீ இருக்கிற கோவென்ட்ரி எனக்குப் புதிய ஊர் இல்லை. 1978-ல் சிம்மக்கல் பக்கம் மேஸ்திரியிடம் தொழில் பழகப் போனபோது முதலில் கை வைத்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மெட்ராஸில் செய்த வண்டிதான், ஆனால் மூலம் உன் ஊர் டிரையம்ஃப் ஹெரால்டு. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தையே குறுக்கி, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் போகிற ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். நீ முதலில் அதைத்தான் பார்த்தாய். எனக்கு அதன் மேல் பிரியம் உண்டு, இருந்தாலும் வேண்டாம் என்றேன். கார்புரேட்டரும் பிளாட்டினம் பாயின்ட்டும் வாரம் ஒரு நாள் உன்னிடம் வேலை வாங்கும். உனக்கு இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜப்பான்காரன் அந்த மாதிரிப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு 1989-ல் எம்எக்ஸ்-5ஐக் கொண்டுவந்தான். எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேலே. ஓட்டுகிற சுகம் அதேதான், காலையில் சாவி போட்டால் எழுந்துகொள்ளும். 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. அதனால் உனக்குச் சாமான் கிடைக்காது என்கிற கவலை இல்லை. நல்ல தேர்வு.

இனி நான் சொல்ல வந்தது. எஞ்சினைப் பார்த்து வாங்காதே. பாடியைப் பார்த்து வாங்கு.

அந்த வெள்ளைக் காரை உனக்கு நினைவிருக்காது. உனக்கு அப்போது மூன்று வயது. தூத்துக்குடியில் ஒருவரிடம் வாங்கினேன். எஞ்சின் தங்கம். கம்ப்ரஷன் பார்த்தேன், புகை பார்த்தேன், கியர் பாக்ஸ் சத்தம் கேட்டேன், எல்லாம் சரியாக இருந்தது. அடியில் குனிந்து பார்த்தபோது புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தூத்துக்குடி லாரிகளை, உப்பு ஏற்றி ஏற்றி அடித்தட்டு அப்பளமாகப் போன லாரிகளை, எத்தனை பார்த்தவன் நான்! எஞ்சின் மேல் இருந்த மோகத்தில் அது தோன்றவில்லை.

நான்கு மாதம் கழித்து இருக்கன்குடியில் உனக்குக் காதுகுத்து. கள்ளிக்குடி தாண்டினதும் பின் டயர் பஞ்சர். உன்னையும் அம்மாவையும் ரோட்டோர வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஜாக்கியை மாட்டி ஏற்றினேன். ஜாக்கி ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. குனிந்து பார்த்தால் ஜாக்கி தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அந்தக் கறுப்புப் பெயின்ட்டுக்கு உள்ளே இரும்பே இல்லை. ஓட்டையை அடைக்கிற பட்டிப் பசையும் துருவும்தான். உங்கள் மாமா சீர்த்தட்டோடு கோயிலில் காத்திருக்க, நாம் ஒரு டெம்போவில் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். அந்தத் தகட்டுக்கு மேலேதான் உன்னை உட்கார வைத்து நான்கு மாதம் ஓட்டியிருக்கிறேன் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம். பாடி போனால் வண்டியே போனது. உன் ஊரில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள் என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் அங்கே ஓடுகிற வண்டி எல்லாமே தூத்துக்குடி வண்டிதான்.

அதனால் பாய் ஒன்று எடுத்துக்கொண்டு போ. டார்ச் கொண்டு போ. ஜாக்கி மட்டும் போட்டு நிற்கிற வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதே. ஸ்டாண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து கேரேஜில் லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல். கொஞ்சம் காசு கேட்பார்கள், கொடு. விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே திரும்பி வந்துவிடு.

இந்த மாடலில் துரு பிடிக்கிற இடம் முக்கியமாக இரண்டு. ஒன்று, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே ஓடுகிற சில். துணிக்கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள குழாய் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே சொட்டும். இலையும் மண்ணும் அடைத்தால் அந்தத் தண்ணீர் சில்லுக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் குமிழ் விடும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அந்த ஓட்டையில் மெதுவாக ஊற்று. உடனே கீழே வர வேண்டும். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டுக்கு அடியில் கை வைத்துப் பார், ஈரம் இருக்கக் கூடாது. வண்டி வீட்டுக்கு வந்த பிறகும் மாதம் ஒரு தடவை வளையக்கூடிய மெல்லிய கம்பியை விட்டு அந்தக் குழாயைச் சுத்தம் செய். கூரான கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும்.

இரண்டாவது இடம் முன்பக்கம். முன் சக்கரங்களுக்கு நடுவில் நீளவாக்கில் பெட்டி மாதிரி இரண்டு இரும்புச் சட்டம் ஓடும், ரெயில் என்பார்கள். அது இரட்டைத் தகடு. நடுவே தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக் கேள். நல்ல தகடு கணீரென்று பேசும், செத்த தகடு ஈர மண்ணைத் தட்டினது மாதிரி சொத்தென்று கேட்கும். உனக்கு அந்த வித்தியாசம் தெரியும். பட்டறையில் ஆறு வயதில் ஸ்பேனரால் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு திரிந்தவள் நீ. புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் அதற்காகவே இன்னும் இரண்டு தடவை தட்டு.

போவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வண்டி நம்பரைப் போட்டால், ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருஷாவருஷம் பார்க்கிற எம்.ஓ.டி. சோதனை ஒவ்வொன்றையும் அரசாங்க இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்றாயே, எனக்கு அது பெரிய ஆச்சரியம். நம் ஊரில் மீட்டரைத் திருப்பினானா என்று பெடல் ரப்பர் தேய்மானத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். அங்கே வருஷாவருஷம் மைல் கணக்கு எழுதியிருக்கும். எந்த வருஷமாவது குறைந்திருக்கிறதா பார். பாஸா ஃபெயிலா என்பதோடு நிறுத்தாதே, கீழே எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளையும் படி. சில்லில் துரு என்று ஒரு வருஷம் எழுதி, அடுத்த வருஷம் அந்தக் குறிப்பு காணாமல் போயிருந்தால், வெல்டிங் பில் எங்கே என்று கேள். பில் இல்லையென்றால் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். சோதனை செய்கிறவர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை, அதையும் மனதில் வை. விபத்தில் இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிட்ட வண்டியா என்றும் விசாரி. 2017 அக்டோபருக்குப் பிறகு அப்படிப்பட்ட வண்டியைப் பழுது பார்த்து ரோட்டுக்கு விட்டால் காட் எஸ், காட் என் என்று இரண்டு வகை. எஸ் என்றால் வண்டியின் எலும்பிலேயே அடி. அது நமக்கு வேண்டாம். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் காசு கட்டிப் பார்த்துவிடு.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உழைக்கிற எஞ்சின். நீ போகும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். போனதும் பானெட் மேல் கை வை. சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. 84,000 ஓடியிருக்கிறது, ஒரு தடவையாவது மாற்றியிருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, பில்லைப் பார். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு, வயதானால் பழுப்பாகும். பழுத்த தொட்டி என்றைக்காவது நடுரோட்டில் வெடிக்கும், வாங்கின மாதமே மாற்று. பேட்டரி டிக்கியில் இருக்கும். ஆவியை வெளியே விடுகிற குழாய் உள்ள பேட்டரிதான் அங்கே வைக்கலாம், விலை குறைவு என்று சாதாரண பேட்டரி வைத்திருந்தால் ஆசிட் ஆவி டிக்கித் தகட்டைத் தின்னும்.

ஓட்டிப் பார்க்கும்போது கிளட்ச்சைக் கவனி. பெடல் தரையோடு போய், கியர் விழ மறுத்து, நாலு மிதி மிதித்தபின் விழுந்தால் கிளட்ச் தட்டு என்று பயந்துவிடாதே. பெரும்பாலும் கியர் பாக்ஸ் பக்கம் இருந்து கிளட்ச்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர் கசியும். சின்னச் சாமான். விலை பேசும்போது மட்டும் அதைப் பெரிதாகச் சொல். இரண்டாவது கியர் காலையில் கொஞ்சம் முரண்டும், ஆயில் சூடானதும் சரியாகிவிட்டால் விட்டுவிடு. சூடான பிறகும் நறநறத்தால்தான் கவலை.

நாலு டயரும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். டயர் பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் வருஷம் 35-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் ஈரத்தில் பிடிக்காது. பின் சக்கரம் தள்ளுகிற வண்டி, ஈர ரோட்டில் வளைவில் திடீரென்று காலை அழுத்தினால் வால் முன்னால் வரப் பார்க்கும். முதல் மழைக்காலம் முடிகிற வரைக்கும் நிதானமாகப் போ தாயி. இதை அப்பாவாகச் சொல்கிறேன், மெக்கானிக்காக இல்லை.

வாங்கிய பிறகு ஒரு நாள் மழையில் மிஸ்ஸிங் அடிக்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும். அன்றைக்கு எனக்கு போன் பண்ணு, ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை. ஆனால் அதற்கு முன் எஞ்சினின் பழுதுக் குறியீட்டு எண்ணைப் படிக்கிற சின்னக் கருவியை மாட்டிப் பார். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பிளக்கைக் கழற்று. பிளக் குழியில் ஆயில் நின்றால் மேல் மூடி கேஸ்கெட் போயிருக்கிறது. உலர்ந்திருந்தால் பிளக் வயர், அதற்கு அப்புறம் காயில். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது. நாலையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகும், எது கெட்டது என்று உனக்குத் தெரியாமலே போய்விடும். எங்கள் மேஸ்திரி இதற்காக என் கையில் இருந்த ஸ்பேனரைப் பிடுங்கியிருக்கிறார்.

2,800 பவுண்டையும் கையில் வைத்துக்கொண்டு போகாதே. முன்பணம் கேட்டாலும் அன்றே கொடுக்காதே. வாங்குகிற விலை போக 800 பவுண்டாவது தனியாக வை. பெல்ட், ரேடியேட்டர், டயர், எல்லா ஆயிலும் அதில் வந்துவிடும். அதற்கு இடமில்லை என்றால் ஆறு மாதம் பொறு. வெள்ளி நிறத்தில் இன்னொன்று வரும்.

அம்மா பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். சுக்குமல்லிப் பொடி, வேப்பம்பூ வத்தல், நீ கேட்ட கறிவேப்பிலைப் பொடி எல்லாம் வைத்திருக்கிறாள். அடியில் பழைய பேப்பரில் சுற்றி என் மரப்பிடி ஸ்க்ரூடிரைவரையும் வைத்திருக்கிறேன். கள்ளிக்குடியில் அன்றைக்கு அந்தத் தகட்டைக் குத்திப் பார்த்தது அதை வைத்துத்தான். சனிக்கிழமைக்குள் வந்து சேராது. அதனால் இந்தத் தடவை வீட்டில் இருக்கிற எதையாவது கொண்டு போய்த் தட்டு. அடியில் எடுத்த படங்களை உடனே அனுப்பு, சில் பக்கம் இரண்டு, முன் ரெயில் பக்கம் இரண்டு, வெளிச்சம் நன்றாக விழட்டும். நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா