உன் படத்தில் யாரும் காத்திருக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம், உன் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஆச்சி வழக்கம்போல எல்லாரையும் வைதுகொண்டு நன்றாக இருக்கிறாள்.

கட்டடக்கலைப் படிப்புக்காக நீ வரைந்த பஸ் ஸ்டாண்டுப் படங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அந்தப் பதினோரு ஷீட்டையும் போனில் விரித்து விரித்துப் பார்த்ததில் கண் வலித்ததுதான் மிச்சம். அப்புறம் பஜாரில் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து, பெரிய தாளில் கலராக எடுத்து வந்தேன். கடைப் பையன் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "சார், இது எந்தப் பக்கம் வருது? பக்கத்துல பிளாட் ஏதும் போட்டிருக்காங்களா?" என்று கேட்டான். வாத்தியார்கள் உட்கார்ந்து படத்தை மதிப்பிடுகிற உன் ஜூரியில் என்ன சொன்னார்களோ, இங்கே உன் பஸ் ஸ்டாண்டை நம்பி நிலத்தின் விலை ஏற ஆரம்பித்துவிட்டது.

கான்செப்ட் எங்கே என்று கேட்டார்கள், பதில் சொல்ல வரவில்லை என்று அன்று ராத்திரி போனில் அழுதாய். அந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது உனக்கும் உன் வாத்தியார்களுக்கும் உள்ள கணக்கு. ஆனால் 31 வருஷம் கண்டக்டராகத் தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்தவன் நான். அதனால் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

உன் படங்களில் மனிதர்களைப் பொம்மையாக நிறுத்தியிருக்கிறாய் அல்லவா, அவர்களை எண்ணிப் பார்த்தேன். ஆறாவது ஷீட்டில் மட்டும் நாற்பத்திரண்டு பேர். ஒரு பையன் பலூன் வைத்திருக்கிறான். ஒரு பெண் சைக்கிள் ஓட்டுகிறாள், அதுவும் பஸ் ஸ்டாண்டுக்குள்ளே. ஒரு நாய்கூட இருக்கிறது, அது சரிதான், நாய் இல்லாத பஸ் ஸ்டாண்டு கிடையாது. ஆனால் நாற்பத்திரண்டு பேரும் எங்கேயோ நடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. ஒருவர் தலையிலும் சுமை இல்லை. கட்டைப்பை, மூட்டை, கூடை, தகரப் பெட்டி எதுவும் கிடையாது. எல்லாருக்கும் கை வீச இடம் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு என்பது காத்திருக்கும் இடம், பாப்பா. பஸ் வந்து நிற்பது ஐந்து நிமிஷம். மனுஷன் நிற்பது முக்கால் மணி நேரம்.

நம் ஊர் ஸ்டாண்டு மேற்குப் பார்த்தது, உனக்கே தெரியும். சித்திரை வைகாசியில் மூன்று மணிக்கு மேல் போய்ப் பார். கூரைக்கு அடியில் வெயில் புகுந்து பின்சுவர் வரைக்கும் போய்விடும். இரும்பு நாற்காலி எல்லாம் காலியாகக் கிடக்கும், உட்கார்ந்தால் பொசுக்கிவிடும். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஆறேழு பேர் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நிற்பார்கள். தூண் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் நிழல், அவ்வளவுதான் வரிசை. வெயில் சாயச் சாய, யாரும் சொல்லாமலே வரிசையும் மெல்ல நகரும். முன்னால் கைக்குழந்தைக்காரி நிற்பாள். அந்த இடத்தை அவளுக்கு விட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உன் படத்திலும் தூண்கள் இருக்கின்றன, நிழலும் அழகாக ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது எந்த மாதம், எத்தனை மணி? உன் கம்ப்யூட்டரில் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று முன்பு காட்டினாயே. வைகாசி, மாலை நாலு மணி என்று போட்டுப் பார்.

இப்போது சுமைக்கு வருகிறேன். நாகர்கோவில் பக்கம் டூட்டி பார்த்த காலத்தில் தோவாளைப் பூக்காரம்மாக்கள் விடியும் முன் கூடையோடு நிற்பார்கள். மீன்காரம்மாக்கள் அலுமினியச் சட்டியோடு தனியாக நிற்பார்கள், பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். பஸ் வந்து நின்றதும் முதலில் காதில் விழுவது "கொஞ்சம் பிடிச்சு இறக்குங்கண்ணே" என்பதுதான். தலைச் சுமையைத் தானாகத் தரையில் இறக்க முடியாது, கழுத்து ஒடிந்துவிடும். தரையில் இருப்பதைத் தானாகத் தலைக்கு ஏற்றவும் முடியாது. ரெண்டுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். எத்தனை கூடை தூக்கிவிட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. லக்கேஜ் டிக்கெட்டுக்குச் சண்டை போட்ட அதே கையால் தூக்கியும் விடுவேன்.

முன்னோர்கள் இதற்குத்தான் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியது, அவ்வளவுதான் கட்டடம். நடந்து வருகிறவர் தோள் உயரத்தில் இருக்கும் கல்லில் சுமையைச் சரித்து வைத்து, இளைப்பாறி, யார் உதவியும் இல்லாமல் மறுபடி தலைக்கு வாங்கிக்கொண்டு போகலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண் நினைவாக வீட்டார் நட்டது என்று ஆச்சி சொல்வாள். இறக்காத சுமையோடு போனவளுக்காக அடுத்தவர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். உன் நாலாவது ஷீட்டில் சுவரை ஒட்டித் திண்டு வைத்து 45 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். உட்கார அது சரி. சுமை இறக்க அது ஆகாது.

டிக்கெட் கிழித்தபடி நான் கூவிய ஊர்ப் பெயர்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பாவூர்சத்திரம், ஒட்டன்சத்திரம், ஏதாவது சாவடி, ஏதாவது தண்ணீர்ப்பந்தல். வழிப்போக்கனுக்கென்று எவரோ ஒரு கூரை போட்டு வைக்க, அந்தக் கூரையே ஊருக்குப் பெயராகிவிட்டது. சத்திரம் இடிந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். பெயர் மட்டும் டிக்கெட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

முதல் வருஷம் நீ போட்ட படிப்பகமும் மூன்றாம் வருஷச் சந்தையும் இதே தாள்களில் பின்னால் இருந்தன. சந்தையை விடு, அதில் தராசு வைக்கவே இடம் இல்லை, உனக்கே தெரியும். படிப்பகம் எனக்குப் பிடித்தது, இன்றைக்கும் பிடிக்கிறது. தெருவைப் பார்த்து நீளமாக ஒரு திண்ணை வைத்தாயே, அதற்காக. ராத்திரி கடைசி ஊரிலேயே தங்கிவிட்டுக் காலையில் திரும்புகிற நைட் ஹால்ட் வண்டியில் போன காலத்தில் அப்படி எத்தனையோ திண்ணைகளில் நானும் டிரைவர் அண்ணனும் படுத்திருக்கிறோம். வண்டிக்குள் கொசு, மேலே ஏறிப் படுத்தால் பனி. ஒரு கிராமத்தில் படிப்பகத்துத் திண்ணைதான் எங்களுக்கு லாட்ஜ். காலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் செருப்புச் சத்தம்தான் அலாரம். உனக்கு அந்தத் திண்ணை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆச்சி வீட்டுத் திண்ணையில்தானே வீட்டுப்பாடம் எழுதினாய். அதைக் கிரில் போட்டு அடைத்தது நான்தான். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று அடைத்தேன். ஆச்சி இன்னும் அதற்காக என்னைத் திட்டுகிறாள்.

ஒரு கட்டடம் சொல்கிறேன், நீயும் பார்த்திருக்கிறாய். திருவனந்தபுரம் ரூட்டில் போகும்போது தம்பானூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிற இந்தியன் காபி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர், இங்கிலாந்தில் பிறந்தவர் என்று நீ சொல்லித்தான் தெரியும். நான் அதற்கு முன்பே பத்துப் பதினைந்து வருஷமாக அங்கே கட்லெட் தின்றுகொண்டிருந்தேன். மாடி என்று தனியாகக் கிடையாது. நடைபாதையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும். சுவரோரமாக மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியது. ஆட்டவும் முடியாது, திருடவும் முடியாது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், மின்விசிறி நின்றாலும் காற்று நிற்காது. காக்கிச் சட்டையோடு நானும், கோட்டு போட்ட வக்கீலும், போர்ட்டரும், காலேஜ் பிள்ளைகளும் ஒரே வளைவில் மேலும் கீழுமாக உட்கார்ந்திருப்போம். அங்கே நல்ல இடம், மட்டமான இடம் என்று பிரித்துச் சொல்ல மூலையே கிடையாது. ஒரே ஒரு குறை, முழங்கால் போன டிரைவர் அண்ணன் எப்போதும் அடி மேஜைக்கே அடித்துக்கொள்வார். அது நிறைந்திருந்தால் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பிவிடுவார்.

அந்த அண்ணனிடமும் உன் படத்தைக் காட்டினேன். நடுவில் வட்டமாக முற்றம் வைத்து வேப்பமரம் நட்டிருக்கிறாயே, அதைச் சுற்றி வண்டி வருகிற மாதிரி. கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மரம் நல்லாருக்கு. ஆனா இதுல ரிவர்ஸ் எடுக்க ஹெலிகாப்டர் லைசென்ஸ் வேணும்" என்றார். வண்டி 11, 12 மீட்டர் நீளம். பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் பின்பக்கம் நின்று விசில் ஊத வேண்டும், அவன் நிற்கவும் ஓரடி வேண்டும், குறுக்கே ஓடும் பிள்ளையைப் பார்க்கவும் வேண்டும். மரத்தை வெட்டாதே, தள்ளி வை. அப்புறம், வண்டி வருகிற, போகிற நேரம் குறிக்கிற டைம் கீப்பர் அறையை ஏன் கழிப்பறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய்? அந்த ஜன்னலிலிருந்து மொத்த ஸ்டாண்டும் தெரிய வேண்டும்.

பெண்கள் காத்திருக்கும் அறையையும் பாலூட்டும் அறையையும் கடைகளுக்குப் பின்னால் மூலையில் போட்டிருக்கிறாய். அமைதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். அமைதியான மூலைக்குப் பெண்கள் போக மாட்டார்கள், பாப்பா. 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் ஒரு ஊரில், ஊர் பெயர் வேண்டாம், அந்த அறையைத் திறந்து பார்த்தால் விளக்குமாறும் பினாயில் கேனும்தான் இருந்தன. வெளியே ஒரு பெண் முந்தானையால் மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சாவி யாரிடம் என்று கேட்டு நான் மூன்று பேரிடம் போனேன். அதற்குள் என் வண்டிக்கு நேரம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அது உறுத்துகிறது. அந்த அறையை டைம் கீப்பர் ஜன்னலுக்குப் பக்கத்தில், விளக்கும் நடமாட்டமும் இருக்கிற இடத்தில் போடு. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகு, என் சர்வீஸின் கடைசி வருஷத்தில், ஸ்டாண்டில் நிற்கிற கூட்டமே மாறிப்போனதைப் பார்த்தேன். முன்பெல்லாம் பெஞ்சு முழுக்க ஆம்பளைகள், கையில் டீ. இப்போது மத்தியானம் பாதிக்கு மேல் பெண்கள். ஆஸ்பத்திரிக்கு, மகள் வீட்டுக்கு, சும்மா கோயிலுக்கு. தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், குடித்தால் எங்கே போவது என்று. கழிப்பறையை எங்கே வைப்பது என்பதில் நீ எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

உன் ஸ்டாண்டு வரும் இடம் பழைய குளத்தங்கரை என்று போட்டிருக்கிறாய். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். 2023 டிசம்பர் மழையை மறந்திருக்க மாட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஸ்டேஷனிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும்தான் அவர்கள் கிடந்தார்கள், ஊர்க்காரர்கள் பொங்கிப் போட்டார்கள். அன்றைக்கு அந்த ஸ்டேஷன்தான் அவர்களுக்குச் சத்திரம். உன் ஸ்டாண்டின் தரை மட்டம் எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று எந்த ஷீட்டிலும் எனக்குத் தெரியவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம்.

நீ இந்தப் படிப்பு என்றபோது வேண்டாம் என்றவன் நான். சொந்தக்காரர்களிடம் ரொம்ப நாள் "சிவில் இன்ஜினியர் மாதிரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் ரெண்டாம் வருஷ மாடலை நானே சென்னைக்குக் கொண்டுவந்து, மேலே லக்கேஜ் வைக்கிற இடத்தில் வைத்தேன். விருதுநகரில் ஏறிய ஆள் அதன் மேல் பலாப்பழத்தை வைத்தான். 31 வருஷ சர்வீஸ் உள்ளவனுக்கு மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

நேற்றுக் காலை பழைய ரோட்டில், கல்வெட்டாங்குழி தாண்டி நிற்கிற சுமைதாங்கிக்குப் போய்வந்தேன். எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. மேல் கல்லின் நடுப்பகுதி மட்டும் கூடைகள் உரசி உரசி எண்ணெய் தடவின மாதிரி வழவழப்பாக இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். உயரம் 4 அடி 7 அங்குலம், மேல் கல்லின் அகலம் ஒரு அடிக்குச் சற்றுக் கூட. பின்பக்கம் கையால் வரைந்திருக்கிறேன், கோடு கோணல்தான், சிரிக்காதே. ஆறாவது ஷீட்டில் அந்தப் பலூன் பையனை எடுத்துவிட்டு ஒரு பூக்காரம்மாவை நிறுத்த முடியுமா பார்.

அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் ஒரு பை நிறையக் கட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில், தெரிந்த கண்டக்டர் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்கொள். பை நல்ல கனம். வாங்கினதும் அதை எங்கே இறக்கி வைத்தாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா