பாப்பாவுக்கு, மெஷினைப் பற்றி

பாப்பா,

போன் செய்தால் "சைட்டில் இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய், அப்புறம் கூப்பிடுவதும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ராத்திரி படுக்கும் முன் படி, ஆனால் முழுசாகப் படி.

நேற்று கோயமுத்தூர் பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், லென்ஸ் துடைக்கிற தாள், ஊதுகிற ரப்பர் பந்து, அப்பாவின் பெரிய குடை, அப்புறம் கொஞ்சம் முறுக்கு. அத்தை வீட்டு கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது, எல்லோரும் உன்னைக் கேட்டார்கள், அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் பெட்டி, அதாவது நீ சைட்டில் தூரமும் கோணமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் மெஷினின் பெட்டி.

சோக்கியா பெட்டியைத் திறந்து பழைய ஜெல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார். நீலமாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பாகியிருந்தால் ஈரம் குடித்துவிட்டது, எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசை வை. பழையதை வறுத்துத் திரும்ப நீலமாக்கலாம் என்று சமையல் வாணலியில் மட்டும் போடாதே, அந்த நீலம் உடம்புக்கு ஆகாது. மெஷின் மழையில் நனைந்திருந்தால் துடைத்துவிட்டு, ராத்திரி முழுக்கப் பெட்டியைத் திறந்தே வைத்திருந்து காலையில் மூட வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் கண்ணாடிக்குள் பூசணம் நூல் நூலாகப் படரும், அதை வெளியிலிருந்து எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊது, பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் தாள். சுடிதார் துப்பட்டாவால் துடைக்காதே. துடைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பேட்டரி லித்தியம். கொஞ்ச நாள் மெஷினை எடுக்கவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியாக வை, சுமார் பாதி சார்ஜில் வை. முழுக்கக் காலியாக விட்டால் அப்படியே செத்துப் போகும். கார் டாஷ்போர்டில் வைக்காதே. 40 டிகிரிக்கு மேல் இருக்கிற இடத்தில் சார்ஜ் போடாதே. மெஷினை எடுக்கிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. எடுக்காமல் இருந்தால் இப்படிச் செய் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வந்தபோது ஷெட் வேலை ஒன்று எடுத்திருக்கிறேன், ஸ்டீல் தூண்கள், அவற்றைக் கான்கிரீட்டில் பிடிக்கிற ஆங்கர் போல்ட்டுக்கு இடம் குறிக்கிற மார்க்கிங் முழுக்க என் பொறுப்பு என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அப்பா அதைக் கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார், உனக்குத் தெரியுமா? பாலிடெக்னிக்கில் உன் வகுப்புப் பெண்கள் எல்லாம் ஆபீசில் டிராயிங் போடப் போனார்கள், நீ ஒருத்திதான் வெயிலில் டிரைபாடோடு நிற்கிறாய். அதில் எனக்கு இருக்கிற பெருமையை உன் எதிரில் காட்டினால் தலைக்கு ஏறிவிடும் என்றுதான் காட்டுவதில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு போட்டோ இல்லை. முன்பெல்லாம் ஸ்டேட்டஸில் தினமும் ஏதாவது சைட் படம் வரும், நானும் டிரைபாட் கால் எப்படி நிற்கிறது என்று பெரிதாக்கிப் பார்ப்பேன்.

கால் என்றதும் ஞாபகம் வருகிறது. சரிவான இடத்தில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். மூன்றையும் மிதித்து இறக்கு. தரை கான்கிரீட்டாக இருந்தால் அடியில் ஏதாவது பிடிமானம் கொடு, வழுக்கினால் மெஷின் போச்சு. மெஷினை மட்டமாக்கி ஆணிக்கு நேர் மேலே நிறுத்துகிற சென்டரிங்கில் நீ பத்தாவது படிக்கும்போதே அப்பாவை முந்திவிடுவாய். இரண்டு கட்டைவிரலையும் உள்பக்கமாக ஒரே நேரத்தில் திருகுவாய், இடது கட்டைவிரல் போகும் பக்கம் மட்டம் காட்டுகிற பபுள் போகும், அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நான் நின்றிருக்கிறேன். பிறகு 90 டிகிரி திருப்பி மூன்றாவது திருகு. கீழே ஆணித் தலையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, தள்ளியிருந்தால் நடுத் திருகைத் தளர்த்தி மெஷினைச் சுழற்றாமல் நகர்த்தி, மறுபடி பபுள். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சும்மா எழுத வந்தது.

வெயிலில் வைத்தால் குடை பிடிக்கச் சொல். ஏசி காரிலிருந்து எடுத்த உடனே ரீடிங் எடுக்காதே. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு இரண்டு நிமிஷம் என்று கணக்கு. காருக்குள் 24, வெளியே 38 என்றால் கிட்டத்தட்ட அரை மணி நேரம் நிழலில் சும்மா நிற்க வேண்டும். சைட் இன்ஜினியர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். சூரியனை நேராகப் பார்க்க வைக்காதே, உன் கண்ணும் போகும், மெஷின் கண்ணும் போகும். டிரைபாடோடு சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு, அதாவது மெஷின் நிறுத்துகிற அடுத்த இடத்துக்கு, நடக்கக் கூடாது. பைக்கில் போனால் பெட்டியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டாதே, உன் உதவிக்கு வருகிற அந்தத் தம்பியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்.

சரி, இனி சுற்றி வளைக்கவில்லை.

சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. மெஷின் பில் இன்னும் என் பெயரில்தானே இருக்கிறது. மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கிற வருஷாந்திரக் காலிபரேஷன் தேதி தாண்டிவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டார், பேச்சோடு பேச்சாக, "உங்க பொண்ணு மெஷின் 30 மில்லிமீட்டர் தப்பாக் காட்டுமான்னு கேட்டாங்க மேடம், கொண்டு வாங்கன்னு சொன்னேன், கொண்டு வரலை" என்றார். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு அன்றைக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

அவரிடம் கேட்கத் தோன்றிய உனக்கு என்னிடம் கேட்கத் தோன்றவில்லையா? பகலெல்லாம் அப்பா அளந்து கொண்டுவந்ததை ராத்திரி கம்ப்யூட்டரில் இறக்கி, எந்த ரீடிங் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்தது யார்? நீ அப்போது பக்கத்தில் பாயில் படுத்திருப்பாய். திட்டுவேன் என்று நினைத்தாயா? திட்டியிருப்பேன்தான். திட்டிவிட்டு உட்கார்ந்து கணக்கைப் பார்த்திருப்பேன்.

30 என்று சொன்னதுமே எனக்குத் தோன்றியது பிரிசம் கான்ஸ்டன்ட்தான், புள்ளியில் நிறுத்தி மெஷின் ஒளியைத் திருப்பி அனுப்புகிற பிரிசக் கண்ணாடிக்காகத் தூரத்தில் சேர்க்கிற திருத்தம். போன வருஷக் கடைசியில் புதுசாக ஒரு பிரிசம் செட் வாங்கினாயே, விலை குறைவாகக் கிடைத்தது என்று. அந்த மாதிரி ஹோல்டர் சிலவற்றில் கண்ணாடியை ஒரு பக்கமாகத் திருகினால் 0, மறுபக்கமாகத் திருகினால் −30. மெஷின் செட்டிங்கில் ஒன்று, கையில் இருக்கிற பிரிசத்தில் வேறொன்று என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு தூரத்திலும் அதே 30 நிற்கும். 10 மீட்டரிலும் 30, 100 மீட்டரிலும் 30. டெம்பரேச்சர் தப்பாகப் போட்டிருந்தால் அப்படி வராது, அது தூரத்தோடு சேர்ந்து வளரும். ஒரு டிகிரிக்குச் சுமார் 1 பிபிஎம், அதாவது கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். மெஷினில் 15 டிகிரி என்றே இருந்து வெளியே 40 அடித்தால்கூட 100 மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான். ஷெட்டுக்குள் 30 வர அது காரணமாகவே முடியாது. கோணத்தில் தப்பு என்றால் பக்கவாட்டில் தள்ளும், அதுவும் தூரம் போகப் போகக் கூடும்.

நீ எப்படித் தள்ளியிருக்கிறது என்று பார். பிரிசம் −30, மெஷினில் 0 என்றால் மெஷின் தூரத்தை 30 கூட்டிக் காட்டும், அந்த எண்ணை நம்பி நீ முளை அடித்தால் எல்லாப் புள்ளியும் மெஷின் பக்கமாக 30 நகர்ந்திருக்கும். மெஷினை ஷெட் நடுவில் வைத்திருந்தாயானால் எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவில் 60 குறையும். ஸ்டீல் டேப்பைப் பிடித்து ஒரு தடவை குறுக்கே அளந்தால் தெரிந்துவிடும். அங்கே சரியாக 60 குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

மெஷினைத் திசைப்படுத்தப் பார்க்கிற தெரிந்த புள்ளி, அந்தப் பேக்சைட்டின் தூரத்தைப் பார்த்தாயா? கோணத்தை மட்டும் செட் செய்துவிட்டு ஓகே அழுத்திவிட்டாயா? இரண்டு புள்ளிக்கும் கோஆர்டினேட் இருக்கிறது, நடுவில் எவ்வளவு தூரம் வரவேண்டும் என்று மெஷினே கணக்குப் போடும், அளந்தால் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த இடத்திலேயே காட்டும். அதில் 30 வந்திருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பேக்சைட் தூரத்தைப் பார், வேலை முடிந்து மெஷினை இறக்கும் முன் மறுபடி ஒருமுறை பேக்சைட்டைப் பார். இதை நான் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, இன்னும் சொல்வேன்.

போல்ட்டுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்களா? அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. 30 தள்ளினால் தூணின் அடித்தகடு, அந்தப் பேஸ் பிளேட், போல்ட்டில் உட்காரவே உட்காராது. உடைத்தெடுக்க வேண்டும் என்றாலும், துளை போட்டுப் பசையில் புதுப் போல்ட் நிறுத்துகிற கெமிக்கல் ஆங்கர் போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒப்புதல் வேண்டும் என்றாலும், எதுவாக இருந்தாலும் பணம். கான்ட்ராக்டர் உன் தலையில் கட்டியிருப்பார். உன் பில்லை நிறுத்தி வைத்திருப்பார். என் சீட்டு இந்த மாசம் எடுக்கலாம், நான் இன்னும் கேட்கவில்லை, நீ ஒரு வார்த்தை சொன்னால் எடுத்து அனுப்பிவிடுவேன். அதற்காக மெஷினை மட்டும் கொடுத்துவிடாதே. ஏற்கெனவே அடகு வைத்திருந்தாலும் விற்றிருந்தாலும் சொல்லிவிடு, சொல்லாமல் இருக்காதே. இரண்டுக்கும் வழி இருக்கிறது. நீ பேசாமல் இருப்பதற்கு என்னிடம் வழி இல்லை.

பிரிசம் பிடிக்கிற தம்பிக்குப் போன் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்டேன். "அக்காவையே கேளுங்கம்மா" என்றான். அவன் மேல் கோபப்படாதே, ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பையன்.

அப்பாவிடம் நான் 30 கணக்கைச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் ஏதோ தெரிகிறது. இரண்டு நாளாகத் தஞ்சாவூர்க் கோபுரக் கதையை மறுபடி எடுத்துவிட்டார். 1808, இந்தியாவை அளக்க வந்த லாம்டன், கோணம் அளக்கிற அரை டன் தியோடலைட், கோபுரத்துக்கு மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது, எல்லாம் உனக்கு மனப்பாடம். வழக்கமாக அந்த மெஷின் எப்படி உடைந்தது என்பதில்தான் அப்பா நிற்பார். இந்தத் தடவை லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே நேராக்கினார், மறுபடி அதை வைத்தேதான் அளந்துகொண்டு மேலே போனார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பாப்பா கூப்பிட்டாளா" என்கிறார். நான், சைட்டில் இருக்கிறாள் என்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலையில் வெயில் ஏறும் முன் ஒரு சமதளமான இடத்துக்குப் போ, ரோடு ஓரம் போதும். ஒரே நேர்கோட்டில் மூன்று ஆணி அடி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி சுமார் 100 மீட்டர், மூன்றாவது நடுவில் எங்காவது. கோடியில் மெஷினை வைத்து நடு ஆணிக்கும் கடைசி ஆணிக்கும் தூரம் எடு. பிறகு மெஷினை நடு ஆணிக்குக் கொண்டுபோய்க் கடைசி ஆணிக்கு எடு. எல்லாம் ஹாரிசான்டல் தூரம், அதாவது கிடைத் தூரம், எல்லாம் அதே பிரிசம், அதே செட்டிங், எதையும் மாற்றாதே. பிரிசத்தைக் கையில் பிடிக்க வேண்டாம், ஸ்டாண்டில் வை, ஆணிக்கு மேல் சென்டர் செய். இரண்டு துண்டையும் கூட்டி முழுத் தூரத்தைக் கழித்தால் வருவதுதான் தப்பு. முழுத் தூரத்தில் அது ஒரு தடவை இருக்கிறது, துண்டுகளில் இரண்டு தடவை இருக்கிறது, கழித்தால் ஒன்று மிஞ்சும். அது 30 என்றால் மெஷினில் கோளாறு இல்லை, செட்டிங்தான். 0 வந்தால் வேறு எங்கோ, அப்போது சேர்ந்து தேடுவோம். டெலஸ்கோப்பைப் புரட்டி இரண்டு முகத்திலும் ஒரே புள்ளியைப் பார்த்துவிடு, கிடைக் கோணம் 180 தள்ளி வருகிறதா, செங்குத்துக் கோணம் இரண்டும் கூட்டினால் 360 வருகிறதா என்று. எதுவாக இருந்தாலும் அடுத்த வாரம் சென்டருக்குக் கொண்டுபோய்க் காலிபரேஷன் சர்டிபிகேட் வாங்கு, பணம் நான் கட்டுகிறேன். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் கான்ட்ராக்டரிடம் நிமிர்ந்து பேச முடியும், தப்பு உன் பக்கம் என்றாலும்.

மூன்று எண்ணையும் எனக்கு அனுப்பு. கூட்டல் கழித்தலை நீ போட்டுவிட்டாலும் நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். கண்ணாடி ஹோல்டரில் எந்தப் பக்கம் திருகியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடு. எடுக்கும்போது பின்னால் மெஷின் டிரைபாடில் நிற்பது தெரிகிற மாதிரி எடு, முடிந்தால் நீயும் தெரிகிற மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு. பார்சல் பஸ் ஸ்டாண்ட் ஆபீசில் இருக்கும், ரசீது நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், ஆதார் கொண்டுபோ.

அம்மா