கடை நேரமும் விலையும் மாறுவது ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகத் தங்கள் ஆதரவில் நடந்துவரும் நம் ஜவுளிக்கடையில், வரும் சித்திரை முதல் நாளிலிருந்து சில மாற்றங்கள் நடைமுறைக்கு வருகின்றன. கடை காலை ஒன்பதரை மணிக்குத் திறந்து இரவு ஒன்பது மணிக்கு மூடப்படும். பத்தரை வரை திறந்திருக்கும் வழக்கம் இனி இராது. காலையில் தங்களுக்குச் சேலை எடுத்துக் காட்டியவர், வீட்டாரைக் கலந்துகொண்டு மாலையில் தாங்கள் திரும்பி வரும்போது பணியில் இருக்கமாட்டார்; வேறொருவர் காட்டுவார். வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில் எங்கள் பணியாளர்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். விலை, நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற அளவில் கூடும். இவை யாவும் எங்கள் கடைத் தொழிலாளர்களின் சங்கத்தோடு நாங்கள் செய்துகொண்ட மூன்றாண்டு ஒப்பந்தத்தினால் வருபவை. அந்த ஒப்பந்தம் எப்படி வந்தது, அதில் என்ன இருக்கிறது என்பதைத் தங்களுக்குச் சொல்லவேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

தை மாத முகூர்த்த நெரிசலின்போது வந்தவர்கள், எங்கள் பணியாளர்கள் சட்டையிலும் சேலைத் தலைப்பிலும் ஒரு சிறு அட்டையை ஊக்கால் குத்தியிருந்ததைக் கண்டிருப்பீர்கள். அது கோரிக்கை அட்டை. மூன்று வாரம் அதை அணிந்துகொண்டே அவர்கள் வேலை செய்தார்கள்; ஒரு நாள்கூடக் கடை நிற்கவில்லை. ஆனாலும் கடையில் தகராறு, பூட்டப் போகிறார்கள், சீட்டுப் பணம் கட்டியவர்கள் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது என்றெல்லாம் ஊரில் பேச்சு பரவியது. பேச்சுவார்த்தை நடந்தது உண்மை. கடை மாடியில் சரக்கு வைக்கும் அறையில், துணிக்கட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து, ஆறு அமர்வுகள் பேசினோம். மற்றவை உண்மையல்ல.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே கடையைப் பூட்டவேண்டியதுதான் என்று நினைக்கும் குடும்பமாகத்தான் நாங்களும் இருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கணக்கு. எங்களிடம் 31 ஆண்டுகள் கணக்கு எழுதிய பெரியவர் ஓய்வு பெற்றபோது, அப்பா அவருக்குப் பட்டு வேட்டியும் சால்வையும் போர்த்தி, தட்டில் 50,000 ரூபாய் வைத்துக் கொடுத்தார். பெரியவர் கண்கலங்கி வாங்கிக்கொண்டார். நாங்களும் மனநிறைவோடுதான் இருந்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சங்கம் அமைந்தவுடன் எங்கள் கைக்கு வந்த முதல் மனு, சம்பள உயர்வு கேட்டு வரவில்லை. அந்தப் பெரியவருக்குச் சேரவேண்டிய பாக்கியைக் கேட்டு வந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளுக்கும் உரியது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர் விலகும்போது, கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26 நாளாக வகுத்து, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தரவேண்டும். பெரியவரின் சம்பளம் 13,000 ரூபாய். ஓராண்டுக்கு 7,500, 31 ஆண்டுகளுக்கு 2,32,500. அன்பளிப்பு என்று நாங்கள் பெருமையோடு கொடுத்தது, அவருக்கு உரியதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. ஆயுள் முழுவதும் எங்கள் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதியவருக்கு நாங்கள் வைத்த கணக்கு அது. மீதியை வட்டியோடு அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். தங்களுக்கென்று எதுவும் கேட்பதற்கு முன்னால், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருக்காகக் கேட்டவர்களோடு உட்கார்ந்து பேசாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

ஜவுளிக்கடைக்கு எதற்குச் சங்கம், அது ஆலைக்கும் ரயிலுக்கும் உரியதல்லவா என்று நீண்ட நாள் வாடிக்கையாளர் சிலர் எங்கள் மீதுள்ள அக்கறையால் கேட்டார்கள். தொழிற்சங்கச் சட்டம் 1926இலேயே வந்தது. ஓரிடத்தில் வேலை செய்வோரில் பத்தில் ஒரு பங்கினர், எப்படியும் ஏழு பேருக்குக் குறையாமல் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். எங்கள் கடையில் 36 பேர். அவர்களில் 31 பேர் சேர்ந்தார்கள். மேலும், கூடிப் பேசிக் கூலி முடிவு செய்வது காவிரிக் கரைக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்து ரயில் பட்டறை பொன்மலைக்கு மாற்றப்பட்ட காலத்தில், ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இந்தப் பகுதியைத்தான் உலுக்கியது. வயலில் அதைவிட அதிக விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கென்று பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் கூலித் தகராறு ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகு கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் நிலம் உள்ளவர்களும் இருக்கிறீர்கள், நடவுக்கும் அறுப்புக்கும் போகும் குடும்பங்களும் இருக்கிறீர்கள். கூலி பேசுவதற்கு ஒரு பாயும் இரு தரப்பும் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை இந்த மண்ணில் யாருக்கும் நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்து இயற்றப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய சட்டம் சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையைத் தந்ததே தவிர, பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் எத்தனையோ இடங்களில் ஆண்டுக்கணக்கில் பேச்சே தொடங்காமல் கிடந்தது. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, பேச்சுவார்த்தைக்குரிய சங்கம் எது என்பதற்கு வழி சொல்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்றதே பேசும் சங்கம், எதற்கும் அந்த அளவு இல்லையென்றால், குறைந்தது 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட குழு பேசவேண்டும். இது நல்லது என்றே நாங்கள் நினைக்கிறோம். அதே சட்டம் மற்றொன்றையும் செய்கிறது. முன்பு ரயில், குடிநீர் போன்ற பொதுப்பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு விதி, இப்போது எல்லாத் தொழில்களுக்கும் வந்திருக்கிறது: 14 நாளுக்கு முன் அறிவிக்கவேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் ஆகும் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. சங்கங்கள் இதை எதிர்க்கின்றன. முதலாளி தரப்பில் நிற்கும் எங்களுக்கும் அந்த எதிர்ப்பில் நியாயம் தெரிகிறது. அந்த நாள்களில் உட்கார்ந்து பேச முதலாளிக்கு மனம் இருந்தால்தான் முன்னறிவிப்பால் பயன் உண்டு. மனம் இல்லாதவருக்கு அது ஆள் மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசமாகிவிடும்.

ஆறு அமர்வுகளில் அதிக நேரம் எடுத்தது சம்பளம் அன்று, ஸ்டூல். எங்கள் கடையில் பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தை விரித்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே வாடிக்கையாளரும் உட்காருவார்கள், காட்டுபவரும் உட்காருவார். அங்கே காட்டுபவர்கள் எல்லோரும் ஆண்கள். நூல் சேலை, சுடிதார், உள்ளாடைப் பிரிவுகளில் பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு முப்பது சேலை உதறிக் காட்டி, அவர் போன பின் முப்பதையும் மடிப்புக் கலையாமல் மடித்து, மேல் தட்டுக்கு ஏணியில் ஏறி அடுக்கிவிட்டு இறங்கினால் அடுத்தவர் வந்திருப்பார். காலை ஒன்பதரைக்கு நின்றவர் இரவு பத்தரைக்குத்தான் கால் மாற்றுவார். பதினாறு ஆண்டு பணியாற்றிய ஓர் அம்மாள் மூன்றாம் அமர்வில் எதுவும் பேசாமல் கணுக்காலுக்கு மேல் சேலையைச் சற்றே உயர்த்திக் காட்டினார். நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. அடிக்கடி கழிவறைக்குப் போனால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார் என்பதால் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் சொன்னார். அந்த மேற்பார்வையாளரை நியமித்தவர்கள் நாங்கள்தான்.

கடைகளில் பணியாளர்கள் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22அ என்ற பிரிவைச் சேர்த்தது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்தோம். நமக்கு அல்ல என்பதுபோல் மடித்து வைத்துவிட்டோம். வாடிக்கையாளர் வரும்போது பணியாளர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்பதே எங்கள் பக்கத்து வாதமாக இருந்தது. சங்கத்தின் செயலாளர் கேட்டார்: "பட்டுப் பிரிவில் உட்கார்ந்து காட்டுகிறார்களே, அங்கே யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லையே?" எங்களிடம் பதில் இல்லை. இப்போது ஒவ்வொரு பிரிவிலும் முதுகு சாய்க்கும்படியான ஸ்டூல்கள் போடப்பட்டுள்ளன.

அதே சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை அளவை வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரு மடங்கு ஊதியம். இந்த ஊரில் எந்தக் கடைக்காரருக்கும் இது தெரியாததன்று, எங்களுக்கும் தெரியும். ஆனால் பதிவேட்டில் எழுதியது ஒன்று, நடந்தது வேறு. இனிமேல் ஒன்பதரை முதல் ஆறரை வரை ஒரு பணிமுறை, பன்னிரண்டு முதல் ஒன்பது வரை மற்றொரு பணிமுறை. இரண்டிலும் ஒரு மணி நேர ஓய்வு. இதற்காக நான்கு பேரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். வார விடுமுறை அவரவருக்கு முறைவைத்து வரும். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுத்துவிட்டோம். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு 1,500 ரூபாய் குறைவு என்று இருந்த வழக்கமும் ஒழிந்தது. 1976 முதலே சட்டம் அதைத் தடுத்து வந்திருக்கிறது. தீபாவளி போனஸ், சட்டம் சொல்லும் குறைந்த அளவான 8.33 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகும்.

பணக் கணக்கையும் மறைக்க விரும்பவில்லை. ஆளுக்கு மாதம் சராசரியாக 2,000 ரூபாய் சம்பளம் உயர்கிறது. 36 பேருக்கு 72,000. அதன் மேல் வருங்கால வைப்பு நிதிக்கு எங்கள் பங்கு 12 விழுக்காடு, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு 3.25 விழுக்காடு. எல்லாம் சேர்ந்து மாதம் 83,000 ரூபாய்க்கு அருகில் வருகிறது. இதில் ஏறத்தாழ பாதியை எங்கள் லாபத்திலிருந்து ஏற்கிறோம்; புதிய நால்வரின் சம்பளமும் கூடுதல் போனஸும் முழுமையாக எங்களுடையது. மற்றப் பாதிதான் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய். இது வரி அன்று, பில்லில் தனியாக வராது; ஆயிரம் ரூபாய்ச் சேலை 1,010 ஆகும், அவ்வளவுதான். நெசவாளருக்குக் கொடுக்கும் விலையில் ஒரு காசும் குறைக்கமாட்டோம். ஓர் உழைப்பாளிக்குக் கொடுப்பதற்காக மற்றோர் உழைப்பாளியிடம் பிடுங்குவது எங்களுக்கு ஒப்புதல் இல்லை. ஆடித் தள்ளுபடியும் சீட்டுத் திட்டமும் முன்போலவே தொடரும்.

தங்களிடம் வேண்டிக்கொள்வது சில உண்டு. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் பெரிய குடும்பங்கள் இரவு ஏழரைக்குள் வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். எட்டே முக்காலுக்குப் பிறகு பில் போட இயலாது. வெளியூரிலிருந்து, குறிப்பாகத் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கமிருந்து வருபவர்கள் முதல் நாளே தொலைபேசியில் சொன்னால் வேண்டிய ரகங்களை எடுத்து வைத்திருப்போம். தாங்கள் நுழையும்போது யாரேனும் உட்கார்ந்திருந்தால் எங்களிடம் புகார் சொல்லவேண்டாம். தங்களைக் கண்டதும் அவரே எழுந்து வருவார்.

2028 மாசியில் மகாமகம் வருகிறது. அது இந்த ஒப்பந்தக் காலத்துக்குள்தான். 2016 மகாமகத்தின்போது பத்து நாளும் நள்ளிரவு வரை கடை திறந்திருந்தது. பணியாளர் பலர் வீட்டுக்கே போகவில்லை, அவர்களில் ஒருவர்கூடக் குளத்தில் நீராடவும் இல்லை. இம்முறை அந்த நாள்களுக்கான முறைவேலை, மிகைநேர ஊதியம், தங்குமிடம், தீர்த்தமாட ஒவ்வொருவருக்கும் அரை நாள் விடுப்பு ஆகியவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, படியைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பியிருக்கிறோம். மற்றொரு படி கல்லாவுக்கு வலப்புறச் சுவரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஐயம் இருந்தால் எங்களிடமும் கேட்கலாம், சங்கத்தின் செயலாளரிடமும் கேட்கலாம். அவர் மதியப் பணிமுறையில் சுடிதார் பிரிவில் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்கள்
கும்பகோணம்