செங்காது ஆமை வளர்க்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சியில் அலங்கார மீன் தொட்டிகளும் கால்நடைத் தீவனமும் விற்கும் எமது கடைக்கு அண்மைக் காலமாக வருவோரில் கணிசமானோர் ஆமைக்கென்று சிறிய கண்ணாடிக் கிண்ணம் கேட்கிறார்கள். கொழும்புக்குப் போய் வரும் உறவினர்கள் பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கி வரும் ஆமைக்குஞ்சுகளே இதற்குக் காரணம். நாங்கள் எந்த ஆமையையும் விற்பதில்லை. ஆமைக்கென்று கேட்பவர்களுக்குக் கிண்ணமும் கொடுப்பதில்லை. கையில் பணத்தோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது சிலருக்கு மனவருத்தத்தைத் தந்திருப்பதால், அதற்கான காரணத்தையும், ஏற்கெனவே வீட்டில் வளரும் ஆமையை எப்படிப் பேண வேண்டும் என்பதையும் இம்மடலில் விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்த ஆமை என்று பாருங்கள். பச்சை ஓடும், கண்ணுக்குப் பின்னால் காதிருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பட்டையும் இருந்தால் அது செங்காது ஆமை. ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையையும் அதையொட்டிய மெக்சிக்கோப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட நன்னீர் ஆமை இது. மேட்டு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அது எமது வரண்ட வலயக் காடுகளுக்குரிய நட்சத்திர ஆமை. காட்டோரம் கண்டெடுத்த நட்சத்திர ஆமைக்குத் தீவனம் கேட்டு வருபவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: அதை வீட்டில் வைத்திருப்பது சட்டவிரோதம். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் அதைப் பாதுகாக்கின்றன. 2019இல் அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகம் தொடர்பான சர்வதேச உடன்படிக்கையும் அதை முதலாம் பட்டியலுக்கு உயர்த்தி, நாடுகளுக்கிடையே அதை வணிகமாக விற்பதைத் தடுத்தது. வீதியைக் கடக்கும் நட்சத்திர ஆமையைக் கண்டால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே வீதியின் மறுகரையில் விட்டுவிட்டுச் செல்லுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். குளத்தில் பிடிபடும் பாலாமையையும் காராமையையும் வளர்ப்புக்கென்று எடுத்துவர வேண்டாம். இனி இம்மடலில் எழுதுவதெல்லாம் செங்காது ஆமை பற்றியதே.

கிண்ணம் கொடுக்க மறுப்பதற்கு முதற் காரணம் அதன் வளர்ச்சி. வாங்கும்போது அதன் ஓடு 3 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். சரியாகப் பேணினால் ஆண் ஆமை 20 சென்ரிமீற்றர் வரையும், பெண் ஆமை 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரையும் வளரும். ஆயுளும் 20 ஆண்டுகளுக்குக் குறையாது; 30 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடும். இன்று முதலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஆமை, அந்தப் பிள்ளை திருமணம் முடித்து வேறு வீடு போன பின்னும் உங்கள் வளவில்தான் இருக்கும். "கிண்ணம் சிறிதாக இருந்தால் ஆமையும் சிறிதாகவே இருக்கும்" என்று விற்பவர்கள் சிலர் சொல்லி அனுப்புவதாக அறிகிறோம். இடம் போதாமல் வளர்ச்சி குன்றிய ஆமை நோயுற்ற ஆமை. அது நெடுநாள் வாழாது.

ஓட்டின் ஒவ்வொரு இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளத்துக்கும் ஏறக்குறைய 40 லீற்றர் நீர் வேண்டும் என்பது ஆமை வளர்ப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. 25 சென்ரிமீற்றர் வளர்ந்த பெண் ஆமைக்கு இது 400 லீற்றர் ஆகிறது. இந்த அளவுக்குக் கண்ணாடித் தொட்டி செய்வது பெருஞ் செலவு. ஆனால் வன்னியில் வளவும் வெயிலும் கிணற்று நீரும் இருக்கிற எங்களுக்கு அது தேவையுமில்லை. கிணற்றடிக்குக் கிட்டவாக ஒரு சீமெந்துத் தொட்டி கட்டிக்கொள்வதே எல்லாவற்றிலும் சிறந்தது என்பது எமது உறுதியான கருத்து. நீரின் ஆழம் ஆமையின் ஓட்டு நீளத்தைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். சுவர் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு முழமாவது உயர்ந்து, உட்புறம் வழுவழுப்பாகப் பூசப்பட்டிருக்க வேண்டும். மூலைகளில் நகம் பதித்து ஏறுவதில் இந்த ஆமை கெட்டித்தனமானது. புதுச் சீமெந்து நீரில் சுண்ணாம்பைக் கசிய விடும் என்பதால், வாழைத் தண்டைத் துண்டுகளாக்கிப் போட்டு ஊறவிட்டு, இரண்டு மூன்று வாரங்களுக்கு நீரைப் பலமுறை மாற்றிய பின்னரே ஆமையை விடுங்கள். அடியில் சிறு கூழாங்கல் பரப்ப வேண்டாம். இரை என்று எண்ணி விழுங்கிய கல் குடலை அடைத்துவிடும்.

தொட்டிக்குள் நீரைப் போலவே முக்கியமானது உலர்ந்த இருக்கை. ஆமை முழுவதுமாக நீரை விட்டு ஏறி, உடல் காயும்வரை வெயிலில் கிடக்க வேண்டும். பனங்குற்றியைப் பாதியாகப் பிளந்து சரிவாக வைத்தாலும், தட்டையான கல்லைப் படிபோல அடுக்கினாலும் போதும். நல்ல நலத்தோடு இருக்கும் ஆமை காலை ஒன்பது மணி வெயிலில் கழுத்தை நீட்டி, பின்னங்கால்கள் இரண்டையும் வால் பக்கமாக நேராக நீட்டி, விரல்களுக்கிடையிலான சவ்வையும் விரித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். முதன்முறை காண்பவர்கள் செத்துவிட்டதென்று பதறிப்போய் எம்மிடம் கேட்பதுண்டு. அப்படிக் கிடக்கும்போதுதான் வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டு விற்றமின் டீ உருவாகிறது. அது இல்லாவிட்டால் எவ்வளவு கல்சியம் கொடுத்தாலும் உடலில் சேராது. ஓடு மெதுமெதுப்பாகி, விரலால் அழுத்தினால் உள்ளே அமிழும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே யன்னலோரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தால் ஆமைக்கு வெளிச்சமும் சூடும் கிடைக்குமே தவிர, வெயிலின் பயன் கிடைக்காது. குளிர் நாடுகளில் உள்ள எமது உறவுகள் இதற்கென விசேட விளக்கு வாங்கி, அதையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டியிருக்கிறது. எமக்கு அந்தச் செலவே இல்லை.

வெயில் தாராளமாக உள்ள ஊரில் ஆபத்தும் வெயிலால்தான் வரும். நீரின் வெப்பம் 24 பாகைக்கும் 29 பாகை செல்சியசுக்கும் இடையில் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் ஆழம் குறைந்த பிளாஸ்ரிக் பேசினில் அரைப்பங்கு நீர் விட்டு, தகரக் கூரைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனால், திரும்பி வரும்போது அந்த நீரில் கை வைக்க முடியாது. ஆமை வெந்து இறந்துவிடும். தொட்டியில் பாதிக்கு மேல் எந்நேரமும் நிழல் விழ வேண்டும். வேம்போ மாவோ நிழல் தரும் இடமாயின் மிக நல்லது. இல்லையேல் கிடுகு வேய்ந்து மறைக்கலாம். மேலே கம்பி வலை அவசியம். குஞ்சுகளைக் காகம் தூக்கும். உடும்பும் கீரியும் நாயும் பெரியவற்றையும் விடா.

மாரிக்கு வேறு ஏற்பாடு தேவை. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வளவுகளும் வயல்களும் ஒன்றாகிப் போனதை நாம் எல்லோரும் கண்டோம். அப்படியான வெள்ளத்தில் திறந்த தொட்டியிலிருந்து ஆமை நீந்தி வாய்க்காலுக்குப் போய்விடும். ஐப்பசி பிறந்ததும் தொட்டியின் வழிந்தோடும் குழாய்க்கு வலை கட்டுங்கள். தாழ்ந்த வளவாயின் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் ஆமையை மூடியுள்ள பெரிய வாளியில் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். மூடியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும்.

நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வன்னிக் கிணற்று நீரின் சுண்ணாம்புத்தன்மை ஆமைக்குக் கெடுதி செய்யாது. ஓட்டில் வெள்ளைப் படிவை மட்டும் உண்டாக்கும். மீனைவிட ஆமை நீரைப் பல மடங்கு அழுக்காக்கும் என்பதால், வடிகட்டி போட்டிருந்தாலும் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரையாவது மாற்றுங்கள். கழிவு நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் கீரைப் பாத்திக்கு விட வேண்டாம்.

எமக்கு அதிக கவலை தருவது உணவு விடயந்தான். சோறு, பாண், பிஸ்கற், கருவாடு ஆகியவை கொடுத்து வளர்ப்பதாகப் பலர் சொல்கிறார்கள். ஆமை அவற்றையும் உண்ணும். பசியோடு இருக்கும் ஆமை எதையும் உண்ணும் என்பதால், அது விரும்பி உண்கிறது என்பதை நல்ல உணவு என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. சோறும் பாணும் வயிற்றை நிரப்புமேயொழிய ஓட்டுக்கோ எலும்புக்கோ எதுவும் தரா; கருவாட்டு உப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இந்த ஆமையின் உணவுத் தேவை வயதோடு மாறுகிறது. குஞ்சுப் பருவத்தில் அதற்குப் புழு, பூச்சி, சிறு மீன் என்று மாமிசம் கூடுதலாக வேண்டும். வளர வளர இலை தழைக்கு மாறும். குஞ்சுக்குத் தினமும் ஒருமுறை, அதன் தலையளவு தீவன உருண்டையும், எருப்போட்ட மண்ணில் கிண்டியெடுத்த மண்புழுவோ, முள்ளோடு நறுக்கிய பச்சை மீனோ, ஓட்டோடு கூடிய சிறு இறாலோ கொடுக்கலாம். வளர்ந்த ஆமைக்கு மாமிசமும் தீவனமும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். கீரையை மட்டும் தினமும் போடுங்கள். முருங்கை இலையில் கல்சியமும், விற்றமின் ஏயாக மாறும் சத்தும் நிறைந்திருப்பதால் எல்லாவற்றிலும் முதலிடம் அதற்கே. வேலியில் முருங்கை நிற்கும் வீட்டில் ஆமைக் கீரைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கங்குன், வல்லாரை, துருவிய கரட், பூசணிக்காய் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பசளியும் முளைக்கீரையும் கல்சியத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்யும் ஒட்சலேற்றைக் கொண்டவை என்பதால் இடைக்கிடை மட்டும் கொடுக்கலாம். கல்சியத்துக்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைவிடச் சிறந்ததொன்றை நாங்கள் அறியோம். உப்புப் போக நன்னீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் காயவிட்டு, கடினமான முதுகுப் பகுதியைச் சீவி அகற்றி, வெண்மையான மென்பகுதியைத் தொட்டியில் மிதக்க விடுங்கள். தேவையானபோது ஆமை தானே கொறித்துக்கொள்ளும்.

செங்காது ஆமை நீருக்குள் மட்டுமே விழுங்கக்கூடியது. தரையில் வைத்து உணவு கொடுத்துவிட்டு "ஒன்றும் தின்னுதில்லை" என்று கவலைப்படுவதில் பயனில்லை. உணவு வேளையில் அதை வேறொரு பேசினில் நீர்விட்டு அதற்குள் வைத்துக் கொடுத்தால், தொட்டி நீர் நெடுநாள் தெளிவாக இருக்கும்.

ஆமையின் கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டால் அது பெரும்பாலும் விற்றமின் ஏ குறைபாட்டின் அறிகுறி. முதலில் இமையின் ஓரம் பொங்கி வெண்மையாகத் தெரியும். பின் கண்ணே திறக்காது. கண் தெரியாத ஆமை இரை எடுக்காது. மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்செடுத்தல், நீரில் ஒருபக்கமாகச் சரிந்து மிதத்தல் ஆகியவை நுரையீரல் நோயைக் காட்டும். இவற்றில் எதைக் கண்டாலும் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். மனிதருக்கான கண் மருந்தை வீட்டில் விட்டுப் பார்க்க வேண்டாம். எமது கடையிலும் அதற்கு மருந்து கேட்க வேண்டாம். பெண் ஆமை வளர்ந்தபின், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். அது அமைதியின்றிச் சுவரைப் பிராண்டிக்கொண்டே இருந்தால், பின்னங்காலால் குழி தோண்டத்தக்க ஈர மணற்பகுதி ஒன்றை அமைத்துக் கொடுங்கள். இடமின்றி முட்டையை அடக்கி வைத்தால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகள் விடயத்தில் கண்டிப்பாக இருக்குமாறு வேண்டுகிறோம். நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சல்மனெல்லா கிருமி இருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975இல் தடைசெய்ததே, சிறுவர்கள் அவற்றிலிருந்து நோயுற்றதால்தான். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமையின் பேசினைக் குசினிக்குள் கொண்டு போகக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கையில் ஆமையைக் கொடுக்கவே வேண்டாம்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய முக்கிய காரணத்துக்கு வருகிறோம். ஆமை பெருத்து, கிண்ணம் போதாமல் போகும்போது, "குளத்தில் விட்டுவிடலாம், அது பிழைத்துக்கொள்ளும்" என்று நல்லெண்ணத்தோடு நினைப்பவர்கள் உண்டு. அது பிழைத்துக்கொள்ளும் என்பதே இங்குள்ள அபாயம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997இலேயே தடைசெய்தது. வெயில் காயும் இடத்துக்கும் இரைக்கும் உள்நாட்டு ஆமைகளோடு போட்டியிட்டு அவற்றை ஒதுக்கிவிடும் இந்த ஆமைக்கு, இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் மிகவும் ஏற்ற இடங்கள். வாய்க்கால்கள் வழியே வயலுக்கு வயல் அது பரவினால், எமது பாலாமையும் காராமையும் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அழகுக்கென்று கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே இந்நாட்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நூறாண்டு கடந்தும் அதைக் குளங்களிலிருந்து அகற்றி முடிக்கவில்லை.

ஆகவே, வளர்க்க இயலாத நிலை வந்தால் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ கொண்டு செல்லாமல் எமது கடைக்குத் தெரிவியுங்கள். போதிய தொட்டி வசதியுள்ள வாடிக்கையாளர் எவராவது ஏற்றுக்கொள்வாரா என்று நாங்கள் விசாரித்துச் சொல்வோம். இதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. தொட்டி கட்ட எண்ணுவோர் ஆமையைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம். பயணமும் இரைச்சலும் அதைக் கலவரப்படுத்தும். ஓட்டின் நீளத்தையும், தொட்டிக்கு ஒதுக்கக்கூடிய இடத்தின் அளவையும், அவ்விடத்தில் காலையிலும் நண்பகலிலும் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்பதையும் ஒரு கடதாசியில் குறித்து வாருங்கள். அதற்கேற்ற தொட்டி அளவையும் வடிகட்டியையும் நாங்கள் கணக்கிட்டுத் தருகிறோம். மாரி தொடங்கினால் சீமெந்து வேலை தடைப்படும் என்பதால், புரட்டாதி முடிவதற்குள் வருவது நல்லது.

இங்ஙனம்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்,
கிளிநொச்சி.