மூச்சு வாங்குவதை வயதின் மேல் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"வயசு போனால் இளைக்கும்தானே" என்ற பேச்சை யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு கேட்கலாம், ஆனால் நல்லூர் வெளிவீதியை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மம்மாவுக்கு இருதய வால்வு சுருங்கியிருக்கலாம் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்? இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் போகும் பெருந்தமனி வால்வு சாதாரணமாக 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் திறக்கும். வயது போகப் போகக் கல்சியம் படிந்து இறுகி, அது 1 சதுர சென்ரிமீற்றருக்கும் கீழே போனால் கடுமையான நிலை. மூச்சு வாங்கும், நெஞ்சு நோகும், நடக்கும்போதே மயக்கம் வரும். அதற்குப் பிறகும் சும்மா விட்டால் பலர் சில வருடங்களுக்கு மேல் தாங்குவதில்லை.

எக்கோ, அதாவது ஒலியலையால் இருதயத்தைப் பார்க்கும் ஸ்கான், செய்தால் விஷயம் தெளிவாகிவிடும், ஊசிகூடக் குத்துவதில்லை. ஆனால் குளிசையால் இந்த வால்வு விரியாது, மாற்றத்தான் வேண்டும். நெஞ்சைத் திறக்க முடியாத முதியவர்களுக்கு, தொடை இரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் முறையை 2002 இல் பிரான்சில் அலன் கிரிபியே என்ற இருதய வைத்தியர் தொடக்கிவைத்தார். செலவு அதிகம், எல்லோருக்கும் பொருந்தவும் மாட்டாது, அதை இருதய வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

பெற்றோரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகளே, "அம்மா முந்தி நடந்த தூரம் இப்ப நடக்கிறாவில்லை" என்று டொக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள், மூச்சு வாங்குதென்று நடையைக் குறைத்துக்கொண்டு "எனக்கு ஒண்டுமில்லை" என்பார்கள்.

வாசகர்,
கோண்டாவில்.