சாக்கடைப் படிப்பு என்று ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் என்ன படிக்கலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். கம்ப்யூட்டர், எம்.பி.ஏ., நர்சிங் எல்லாம் வருகிறது. நான் படித்த படிப்பு ஒருமுறைகூட வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிவில் முடித்துவிட்டு, நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரிலுள்ள ஐ.எச்.இ. நிறுவனத்தில் குடிநீர், கழிவுநீர்ப் பொறியியல் படித்தேன். 1957-இல் தொடங்கிய இடம். அங்கே தண்ணீரைச் சுற்றித்தான் எல்லாப் பாடமும். என்னோடு படித்தவர்கள் உகாண்டா, கானா, வங்கதேசம் என்று பல நாட்டுக்காரர்கள்.

எங்களுக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். அப்பா கொத்தனார். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பின்கட்டுக் கழிப்பறைகளுக்குத் தொட்டி கட்டியே எங்களைப் படிக்க வைத்தார். உதவித்தொகை கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு அவரோடு போயிருந்தேன். அங்கிருந்த பெரியவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "சாக்கடைப் படிப்புக்கா ஆத்தா அவ்வளவு தூரம் போறே?" என்று திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை, வாஞ்சையாகத்தான் சொன்னார். ஆனால் வீடு வந்து சேரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வங்கிக் கடனில்தான் போனேன்.

அங்கே முதல் வாரங்களில் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை. ஆறு கண்ணாடிக் குடுவைகளில் கலங்கல் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம். சிறு துடுப்புகள் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சுற்றும். கலங்கல் மெல்லத் திரண்டு பஞ்சு பஞ்சாகி அடியில் இறங்கும். எந்தக் குடுவை நன்றாகத் தெளிகிறதோ அதில் போட்டதுதான் சரியான அளவு. எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. ஊருணித் தண்ணீரை ஊற்றுமுன் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசுவார். காலையில் பானைக்குள் அடித்தூர் தெரியும்.

இன்னொரு நாள் ஹேக் நகருக்குப் பக்கத்திலுள்ள கடலோர மணல்மேடுகளுக்குக் கூட்டிப்போனார்கள். மாஸ் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தப்படுத்தி மணலுக்குள் விடுகிறார்கள். இரண்டு மாதம்போல மணலில் ஊறி வருவதைத் திரும்ப எடுத்துக் குடிநீராக்குகிறார்கள். அந்த நாட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனையே கிடையாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது செப்டிக் டேங்க் பற்றி. நம் பக்கம் பல வீடுகளில் தொட்டிக்கு அடித்தளமே போடுவதில்லை. "அடியில பூச வேணாம், தண்ணி இழுத்துக்கிட்டா லாரி கூப்பிட வேணாம்" என்று வீட்டுக்காரரே கேட்பார், அப்பாவும் அப்படியே கட்டுவார். பத்தடி தள்ளிக் கிணறு இருக்கும். தண்ணீர் கசியாத தொட்டி, உள்ளே தடுப்புச் சுவர், தெளிந்து வெளியேறும் நீருக்குத் தனி உறிஞ்சுகுழி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேற்றை எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது, இவ்வளவும் இருந்தால்தான் அது செப்டிக் டேங்க். லாரிக்காரர் இருட்டில் கண்மாயின் வரத்துக்காலில் கொட்டிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

டெல்ஃப்ட் பேராசிரியர் மார்க் வான் லூஸ்ட்ரெக்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆராய்ச்சிக்காக 2018-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அங்கே இந்த வேலைக்கு அத்தனை மரியாதை.

கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன செட்டியார்கள் சம்பாதித்ததில்தான் நம் ஊர்களில் எத்தனையோ ஊருணிகளுக்குப் படித்துறை கட்டினார்கள். அவர்கள் வழிவந்த அறக்கட்டளைகள், அந்த ஊருணியில் கழிவு இறங்காமல் காக்கும் படிப்புக்கும் கைகொடுக்க வேண்டும். ரோட்டரி அறக்கட்டளை இந்த நிறுவனத்தில் படிக்க உதவித்தொகை தந்திருக்கிறது. வீட்டில் சிவில் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்து ரோட்டரி சங்கத்தில் விசாரியுங்கள்.

போன மாதம் கோட்டையூரில் ஒரு வீட்டில், அப்பா முதல்முறையாக அடித்தளம் போட்டு நடுச்சுவர் வைத்துத் தொட்டி கட்டினார். கூடுதல் செலவுக்கு வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கவே மூன்று நாள் ஆனது. தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கரித்துண்டால் கோடு போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் விடியுமுன்பே அப்பா என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது இந்தப் படிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.